கூரைப்பனி சரிந்து புகைக்குழாயைச் சாய்த்தால்

கேள்வி: மகளும் மருமகனும் கனடாவில் ஏரிக்கரையோரம் ஒரு சின்ன மரவீடு வாங்கியிருக்கிறார்கள். தகரக் கூரை. விறகு அடுப்பின் புகைக்குழாய், கூரைச் சரிவின் கீழ்ப்பக்கமாக வெளியே வருகிறது. போன குளிர்காலத்தில் மேலே கிடந்த பனி மொத்தமாகச் சரிந்து குழாயைச் சாய்த்துவிட்டது. கனமான இரும்புக் குழாயாக மாற்றிவிட்டால் தாங்குமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: தாங்காது அண்ணாச்சி. அதற்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாய்ந்த குழாயில் மறுபடி தீ மூட்டவே கூடாது என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லுங்கள். வெளியே நிமிர்த்திவிட்டாலும், கூரைக்கு உள்ளே மூட்டு விலகியிருக்கலாம். அந்த இடைவெளியில் சூடு மரத்தைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் இறங்கும். அதற்கு வாசனை கிடையாது. புகைபோக்கி வேலை தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுப்பு. கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் வேண்டும்.

சரி, குழாய் ஏன் தாங்காது? நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் ஈரம். அங்கே கூரையில் கிடந்து இறுகிய பனி ஒரு கன அடிக்கு 7 கிலோ வரும். நனைந்தால் இன்னும் கூடும். குழாய்க்கு மேலே 15 அடிச் சரிவு, 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்தால் 470 கிலோவுக்கு மேல். கிட்டத்தட்ட பத்து சிமெண்டு மூட்டை. வீட்டுச் சூட்டிலோ வெயிலிலோ அடிப்பனி உருகி, தகரத்துக்கும் பனிக்கும் நடுவே தண்ணீர் ஓடியதும் அத்தனையும் ஒரே பாளமாக வழுக்கும். அதில் பாதி விசை வந்தாலே போதும். குழாயைக் கனமாக்கினால், அது வளைவதற்குப் பதில் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

அதனால் பனியைக் குழாய்மேல் மோதவிடாமல் பிரித்துவிட வேண்டும். குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிறது, வெள்ளம் வரும் பக்கம் படகு முனை மாதிரி கூர்மையாகக் கட்டியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளம் போன பிறகும் கோயில் நின்றது. குழாய்க்கு மேல்சரிவில் வேண்டியதும் அதே வடிவம்தான்: முனை முகட்டைப் பார்த்து, இரண்டு பக்கமும் குழாயின் அகலத்தைத் தாண்டி விரியும் ஒரு பிரிப்பான். மரச்சட்டம் கட்டித் தகரம் போர்த்தலாம், கனத்த இரும்பிலும் செய்யலாம். ஆனால் அது குழாயில் சாய்ந்து நிற்கக் கூடாது. இரட்டைச் சுவர்க் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே பெரும்பாலும் 2 அங்குல இடைவெளி கேட்பார்கள். தயாரிப்பாளர் சொல்லும் அளவு எதுவோ அதுவே கணக்கு. குழாயைச் சுற்றிய தகடும் முக்கியம். அதன் மேல்விளிம்பு மேல்தகரத்துக்கு அடியில் போக வேண்டும், கீழ்விளிம்பு கீழ்த்தகரத்துக்கு மேலே வர வேண்டும். நம்மூர் ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குகிற முறைதான்.

பனியைக் கூரையிலேயே பிடித்து நிறுத்தும் தடுப்புக் கம்பிகளும் உண்டு. குழாய்க்கு மேலே மட்டும் இரண்டு வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. எனக்கு அது சரியாகப் படவில்லை. மொத்தச் சுமையும் அந்த இரண்டில் போய் நிற்கும். சரிவு முழுவதும் வரிசை வரிசையாக வைக்க வேண்டும். அப்புறம், சரியாமல் நிற்கும் பனியைக் கூரை தாங்குமா என்று ஒரு பொறியாளர் பார்த்தாக வேண்டும். பசையில் ஒட்டும் பிளாஸ்டிக் தடுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவு கூடினாலும், என் வீடாக இருந்தால் குழாயை முகட்டுக்குப் பக்கத்தில் மாற்றிவிடுவேன். அங்கே மேலிருந்து சரிய பனியே இருக்காது. உயரமும் குறையும். கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி, சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரம் என்பது அங்குள்ள விதி. முகட்டருகே இதற்குச் சின்னக் குழாய் போதும். தாழ்வாரத்தருகே நெட்டையாக ஏற்றி, 5 அடி தாண்டினால் முட்டுக் கம்பியும் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பியின் காலையே பனி முதலில் பிடுங்கும்.

வேலையைக் கோடையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். கூரை வேலை செய்பவர் வந்ததும் மருமகன் ஒன்றை மட்டும் விடாமல் கேட்கட்டும்: பிரிப்பானின் போல்ட்டுகள் கைமரத்தில் இறங்குகின்றனவா, வெறும் தகரத்தோடு நின்றுவிடுகின்றனவா?