திருவிருந்துக்குப் போகவே நடுக்கமாக இருக்கிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். "ஆண்டவருக்குப் பயந்து நட" என்று சொல்லிச் சொல்லியே எங்கம்மா வளர்த்தார். இரண்டு வருடமாக, ஜெபிக்க உட்கார்ந்தாலே தேவனைப் பற்றி வாய் கூசும் எண்ணங்கள் வந்து விழுகின்றன. மன்னிப்புக் கேட்பேன். சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்பேன். ராத்திரி ஜெபம் முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்ற வசனத்துக்குப் பயந்து, சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை ஏழு மாதமாக எடுக்கவில்லை. போன ஞாயிறு என் எட்டு வயது மகள், "ஏசப்பாவுக்கு உன்மேல கோபமாம்மா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தேவபயம் மிஞ்சிவிட்டதா, விசுவாசமே போய்விட்டதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

இரண்டும் இல்லை. நீங்கள் சொல்வதெல்லாம் ஓசிடி (OCD) என்ற எண்ணச் சுழற்சி நோயின் அடையாளங்களாகத் தெரிகின்றன. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும்; அதைச் சரிக்கட்ட ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும். நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். எதை உயிராக மதிக்கிறோமோ, அதையே பிடித்துக்கொண்டு ஆட்டுவது இந்த நோயின் குணம். தேவனைப் பொருட்படுத்தாதவருக்கு இந்த எண்ணம் வந்தால் உதறிவிட்டுத் தூங்கிவிடுவார்.

1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில், பிற்பாடு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதே பாடு பட்டார். செய்த பாவ அறிக்கையையே திரும்பத் திரும்பச் செய்தார்; சாகலாமா என்றுகூட நினைத்தார். "தெளிவாகத் தெரிந்த பழைய பாவத்தை மட்டும் சொல்" என்றார் பாவ அறிக்கை கேட்ட குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது! கடைசியில், பழையதை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுபட்டார். அவர் கத்தோலிக்கர்தான், இந்த நோய் சபை பார்த்து வருவதில்லை.

இன்றைய சிகிச்சையும் கிட்டத்தட்ட அந்த வழிதான். எண்ணம் வந்தால் வரட்டும்; அதற்குப் பரிகாரமாக மன்னிப்பு ஜெபத்தைத் திரும்பச் சொல்லாமல் இருக்கப் பழக்குவார்கள். முதலில் பதறும், அப்புறம் பதற்றம் தானாக வடியும். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள்.

சரி, அந்த வசனம். கொரிந்து சபையின் திருவிருந்துப் பந்தியில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான் (1 கொரிந்தியர் 11). ஏழையை வெட்கப்படுத்திய அந்தப் பந்தியைத்தான் பவுல் கண்டிக்கிறார். அதற்கு முந்தின வசனம், தன்னைச் சோதித்தறிந்து "புசித்து" என்கிறது. சோதித்துவிட்டு எழுந்து போ என்று சொல்லவில்லை. சீனாய் மலையடியில் மோசே ஒரே மூச்சில் "பயப்படாதிருங்கள்" என்கிறார், தேவபயம் உங்கள் முன் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார் (யாத்திராகமம் 20:20). அங்கே இரண்டு பயம் இருக்கிறது: விலகி ஓடவைக்கும் பயம் ஒன்று, பணிந்து நடக்கவைக்கும் பயம் ஒன்று. ஏசாயா தீர்க்கதரிசியும் ஆலயத்தில் "ஐயோ! அதமானேன்" என்று அலறினார்; ஆனால் நெருப்புத்தழல் உதட்டைத் தொட்டதும் "என்னை அனுப்பும்" என்று முன்னே வந்தார். உங்கள் பயமோ உங்களைப் பின்னுக்குத்தான் தள்ளுகிறது.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பதிலை ஆறுதலுக்காகத் தினம் எடுத்துப் படிக்காதீர்கள், அதுவும் சுழற்சியில் சேர்ந்துவிடும். உங்கள் ஆயரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். ஆனால் "எனக்கு மன்னிப்பு உண்டா" என்று வாரா வாரம் அவரிடம் கேட்க வேண்டாம்.

மகளிடம், "கோபமெல்லாம் இல்லை, அம்மாவுக்கு மனசுல ஒரு நோய், டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்று சொல்லுங்கள். எட்டு வயதுக்கு அது புரியும்.