ரிசப்ஷனுக்கு நாலு அங்குல ஹீல்ஸ்: ஆறு வாரத்தில் பழகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 26. இன்னும் ஆறு வாரத்தில் கல்யாணம். அவர் என்னைவிட ஓரடி உயரம் என்பதால் ரிசப்ஷனுக்கு 4 அங்குல ஹீல்ஸ் வாங்கிவிட்டேன். இதுவரை தட்டைச் செருப்புதான் பழக்கம். வீட்டில் போட்டு நடந்தால் பத்து நிமிடத்தில் முன்பாதம் எரிகிறது. போன வாரம் வலது கால் பிசகி லேசாக வீங்கியது. வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது. நிகழ்ச்சிக்குள் பழகிவிடுமா?

பதில்: நடை பழகிவிடும். ஆனால் ரிசப்ஷனில் நீங்கள் நடக்கப் போவது மேடை வரைக்கும்தான். அப்புறம் மூன்று மணி நேரம் நிற்கப் போகிறீர்கள். நடக்கும்போது பாரம் இரண்டு காலிலும் மாறி மாறி விழும், கெண்டைக்கால் தசையும் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் இந்த இரண்டு உதவியும் கிடைக்காது.

எரிச்சலுக்குக் காரணம், குதி உயர உயர உடல் பாரம் முன்னால் சரிந்து, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைகளில் இறங்குவதுதான். இது பழக்கத்தால் முழுசாகப் போகாது. செருப்பைத்தான் மாற்ற வேண்டும்.

செருப்பை மேசையில் வைத்து அளந்து பாருங்கள். குதியின் உயரத்தில் முன்பக்க அடியின் கனத்தைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பாதத்துக்குத் தெரியும் சரிவு. குதி மூன்றரை அங்குலம், முன்பக்கம் ஒரு அங்குலம் என்றால் பாதத்துக்கு அது இரண்டரைதான், போட்டோவில் மூன்றரை. ஓரடி வித்தியாசத்தில் அரை அங்குலம் குறைந்ததை எந்தச் சித்தியும் கண்டுபிடிக்க மாட்டார். முன்பக்கத்தை அதற்குமேல் கனமாக்க வேண்டாம், கால் பிசகினால் பலமாகப் பிசகும். குதி அகலமாக, கணுக்காலில் பட்டையோடு இருக்கட்டும். ஊசிக் குதி மேடைக் கம்பளத்தில் புதையும், புடவைக் கரையிலும் மாட்டும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். அந்த நேரத்தில் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், நிகழ்ச்சியும் அந்த நேரத்தில்தானே. ரிசப்ஷன் முகூர்த்தத்துக்குப் பிறகு என்றால், புது மெட்டிக்கும் இடம் வேண்டும். கூர்முனைச் செருப்புக்குள் மெட்டி பக்கத்து விரலை அறுத்த கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

பிசகிய காலுக்கு வருகிறேன். வீக்கம் வடிந்து நடக்கவும் முடிவதால் எலும்பு முறிவாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கணுக்கால் முட்டியின் பின்விளிம்பை விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்தாலோ, நாலு அடி ஊன்றி நடக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சுளுக்கு வழிப்பவரிடம் போய் இழுத்துவிட வேண்டாம். படி இறங்கும் வலி போகும்வரை ஹீல்ஸைத் தொடாதீர்கள்.

அதுவரை வெறுங்காலில் செய்யும் பயிற்சி போதும். சுவரைப் பிடித்தபடி குதியை மெதுவாக உயர்த்தி அதைவிட மெதுவாக இறக்குங்கள், பதினைந்து முறை. வலி இல்லையென்றால், பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், வாஷ்பேசினைப் பிடிக்கத் தயாராக. பிசகிய கணுக்காலுக்கு நிதானம் திரும்ப இது நல்ல வழி.

வலி போனதும் செருப்போடு தினம் பதினைந்து நிமிடம், வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். புதுச் செருப்பின் அடிப்பாகம் மொசைக் தரையில் வழுக்கும், உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்துவிடுங்கள். வழக்கத்தைவிடச் சின்ன அடியாக, குதி முதலில் படும்படி வையுங்கள். பார்வை தரையில் வேண்டாம், குனிந்தால் பாரம் இன்னும் முன்னால் போகும். கழற்றியதும் கெண்டைக்காலை அரை நிமிடம் நீட்டி இளக்குங்கள். தசை நிரந்தரமாகக் குறுகிவிடுமோ என்று பயப்படாதீர்கள், அது வருடக்கணக்கில் தினமும் போடுபவர்களின் பிரச்சினை. மூன்றாவது, நாலாவது விரல்களுக்கு நடுவில் மரத்துப்போனால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மேடையில் பெரியவர்கள் காலில் விழுந்து எழும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் போட்டிருக்கும் சோபாவில் கூட்டம் குறையும்போதெல்லாம் உட்காருங்கள். பந்திக்குப் போக ஒரு தட்டைச் செருப்பைத் தோழியிடம் கொடுத்து வையுங்கள். புடவையை ஹீல்ஸ் உயரத்துக்குக் கட்டியிருப்பீர்கள், ஹீல்ஸைக் கழற்றியதும் கரை தரையில் புரளும். கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.