வாங்கும் முன் கேளுங்கள்: தூங்க மறுக்கும் கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கினேன். இன்டெல், என்விடியா என இரண்டு கிராபிக்ஸ். உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறேன். மூடிப் பையில் வைத்து பஸ் ஏறினால், வந்தாறுமூலை கெம்பஸில் இறங்கும்போது தொடமுடியாத சூடு, சார்ஜும் இல்லை. கடைக்காரர் பெற்றரி மாற்றிக் காசு எடுத்தார். மாற்றமில்லை. இப்போது மதர்போர்ட்டில் ஐசி (சிப்) போய்விட்டதாம்.
- மாணவி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, ஐசிக்கென்று ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

லெப்டொப் தூங்குவதில் இரண்டு வகை. ஒன்றில் ராமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். மற்றதில் எதுவும் முழுதாக அணையாது. ஒவ்வொரு பாகமும் தன்பாட்டில் அடங்கவேண்டும். புதிய லெப்டொப்கள் பலவற்றில் இந்த இரண்டாவது வகை மட்டும்தான். ஒரு பாகம் அடங்காவிட்டாலும் பெற்றரி கரையும். உங்களுடையதில் அடங்காதது அனேகமாக என்விடியா கார்டு. அதை அடக்கும் வேலை, லினக்ஸின் மையமான கேர்னலில் இருக்கும் ட்ரைவருடையது, அதாவது அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளுடையது. அதே கார்டில் எச்டிஎம்ஐ ஒலிக்கென்று ஒரு பகுதியும் உண்டு. அது விழித்திருந்தால் கார்டும் விழித்திருக்கும்.

பாகங்களின் நிலையை லினக்ஸ் காட்டும் 'சிஸ்' (/sys) கோப்புறைக்குள், அந்தக் கார்டுக்குரிய இடத்தில் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' (runtime_status) என்ற கோப்பு இருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் அதைத் திறந்து பாருங்கள். 'சஸ்பென்டட்' என்றால் நல்லது, 'அக்டிவ்' என்றால் அதுதான் கள்ளன். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையால் பார்க்கவேண்டாம், பார்க்கும் கட்டளையே கார்டை எழுப்பிவிடும். என்விடியா ட்ரைவர் தானாகக் கார்டை அணைத்து எழுப்புவது 2018இல் வந்த டியூரிங் வகையிலிருந்துதான். உங்களுடையது அதற்கு முந்தியது என்றால், 'பிரைம்-செலக்ட் இன்டெல்' (prime-select intel) என்ற கட்டளையைக் கொடுத்து மறுபடி இயக்கி, இன்டெலோடு மட்டும் வேலை செய்யுங்கள். அண்மையில் அப்டேட் செய்த பிறகு தொடங்கிய சூடு என்றால், தொடக்க மெனுவில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்து பாருங்கள். அதில் சரியாகத் தூங்கினால் பிழை புதிய ட்ரைவரில்.

இனி என் வயிற்றெரிச்சல். ட்ரைவரை மாற்றிப் பார்க்கக் காசு வேண்டாம், சரிவராவிட்டால் பழையபடி வைக்கலாம். பெற்றரியையும் போர்ட்டையும் அப்படித் திருப்ப முடியுமா? ஆனாலும் நம் ஊர் றிப்பேர் மேசைகளில் திருகாணி கழற்றுவதுதான் முதல் வேலை. கழற்றினால்தான் பில் போடலாம் என்ற கணக்கு. வேறொரு கேர்னலில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பொருளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெற்றரிக் காசை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லிவிட்டு, முறைப்பாட்டை எழுதியும் கொடுங்கள். பழைய பெற்றரி எங்கே என்றும் கேளுங்கள். அது உங்களுடையது.

கேள்வி: முகநூலில் பார்த்து, முன்காசு அனுப்பி கிராபிக்ஸ் கார்டு எடுத்தேன். கம்பியூட்டரைத் தூங்கவிட்டால் திரை திரும்ப வருவதில்லை. பில் இல்லை. விற்றவர் போன் எடுப்பதில்லை.
- கல்முனை

பதில்: முகம் தெரியாதவருக்கு முன்காசு, பில்லும் இல்லை. நான் யாரைப் பிடிப்பது? தூங்கவிடாமல் பாவியுங்கள்.

கேள்வி: லினக்ஸில் திரை அடிக்கடி மினுங்குகிறது. இன்டெல் கிராபிக்ஸ். திரையை மாற்றச் சொல்கிறார்கள்.
- அக்கரைப்பற்று

பதில்: முதலில், லினக்ஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் அமைப்பு மெனுவைத் திறந்து சிறிது நேரம் விடுங்கள். அங்கேயும் மினுங்கினால் அனேகமாகத் திரையோ வயரோதான், மாற்றுங்கள். அங்கே அமைதியாக இருந்தால் ட்ரைவரைச் சந்தேகியுங்கள். படம் மாறாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்க, திரை தன் நினைவகத்திலிருந்தே படத்தைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்பார்கள். சில திரைகளுக்கு அது ஒத்துவராது. கேர்னலின் தொடக்க வரியில், இன்டெல் கிராபிக்ஸுக்கான ஐ915 ட்ரைவரின் 'இனேபிள் பிஎஸ்ஆர்' என்பதை 0 ஆக்குங்கள் (i915.enable_psr=0). மினுக்கம் நின்றால் காசு மிச்சம். பெற்றரி கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

கேள்வி: பழைய ஜிடிஎக்ஸ் 960 மலிவாகக் கிடைத்தது. லினக்ஸில் நத்தை வேகம். போலிக் கார்டா?
- காத்தான்குடி

பதில்: கார்டு அனேகமாக நல்லதுதான். லினக்ஸோடு வரும் நூவோ ட்ரைவரால் 900 வரிசைக் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாது. அதற்கு என்விடியா கையொப்பமிட்ட ஃபெர்ம்வெயர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) வேண்டும், அதை அவர்கள் கொடுக்கவில்லை. அதனால் கணினி தொடங்கும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே கார்டு நிற்கும். என்விடியாவின் சொந்த ட்ரைவரைப் போடுங்கள். ஆனால் இந்த வகைக் கார்டுக்கு 580 வரிசை ட்ரைவர்தான் கடைசி. இதை விற்றவர் சொல்லியிருக்கமாட்டார், மலிவுக்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

கேள்வி: கேமிங் கார்டு போட்ட பிறகு, கேம் தொடங்கினாலே கம்பியூட்டர் அணைகிறது. ட்ரைவர் பிழையா?
- களுவாஞ்சிக்குடி

பதில்: பவர் சப்ளை எத்தனை வாட் என்று எழுதவே இல்லையே, தம்பி. கார்டு பெட்டியில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். மலிவு பவர் சப்ளையில் ஸ்டிக்கரை அப்படியே நம்பவும் வேண்டாம். என் வீட்டு யூபிஎஸ் பெட்டியிலும் பெரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறது. கரண்ட் போனால் வீட்டில் முதலில் அணைவது அதுதான்.