சொல் நம்முடையது, கப்பல் யாருடையது?

கேள்வி: சொகுசுக் கடற்பயண விளம்பரம் ஒன்றில் ‘கேட்டமரான்’ என்று போட்டிருந்தார்கள். படத்தில் இருந்ததோ குளிர்சாதன அறைகளோடு மிதக்கும் இரண்டு மாடி வீடு. இது நம் கட்டுமரம்தானா? ஆம் என்றால் பெருமைப்படலாமா? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: சொல் நம்முடையது. கப்பலில் நமக்குப் பங்கில்லை. பெருமையை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று முழுவதும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கட்டுமரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் படகு என்று சொல்வதே சரியில்லை. படகுக்கு ஒரு வயிறு வேண்டும், அதற்குள் தண்ணீர் வராமல் காக்க வேண்டும். கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. கனமில்லாத மரக்கட்டைகள் சிலவற்றைச் செதுக்கி, ஒட்டி ஒட்டி வைத்து, முன்னும் பின்னும் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிவிடுவார்கள். அலை மேலே ஏறி விழுந்தால் தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கி ஓடிவிடும். முகந்து கொட்டும் வேலையே இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் தனித்தனியாகப் போட்டு உலர்த்துவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும் அல்லவா? அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மறுபடியும் கட்ட வேண்டும். பெயரில் இருக்கும் ‘கட்டு’, ஒரு முறை செய்து முடித்த காரியம் அல்ல. ஓயாமல் செய்கிற வேலை.

இதை ஆங்கில அச்சில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் டேம்பியர். பாதிக் கடற்கொள்ளைக்காரர், பாதி இயற்கை ஆராய்ச்சியாளர் என்ற விசித்திரக் கலவை. 1697இல் வெளியான தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் இவற்றைக் கேட்டமரான் என்கிறார்கள் என்று எழுதினார். ஒரே கட்டை, சில சமயம் இரண்டு. பாயும் கிடையாது, சுக்கானும் கிடையாது. ஏறுவது ஒரே ஆள். அவனுடைய காலும் பிட்டமும் எந்நேரமும் தண்ணீருக்குள். இந்தக் கடைசி விவரத்துக்காகவே டேம்பியரை எனக்குப் பிடிக்கும். உட்கார்ந்து பார்த்தவன்தான் அப்படி எழுதுவான்.

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தள்ளியே நங்கூரம் போட்டு நின்றன. பயணிகளையும் சரக்கையும், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகள் சுமந்தன. கடிதங்களைக் கொண்டுசேர்க்கக் கட்டுமரக்காரர்களே போதும். பாயில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு, அலை புரட்டிப் போட்டாலும் மறுபடி ஏறி அமர்ந்து கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாதக்கணக்கில் கடலில் வந்த ஆங்கிலேயனுக்குக் கரையிலிருந்து வரும் முதல் மனிதன் கட்டுமரக்காரன். சொல் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. சீக்கிரமே, எந்தக் கடலில் யார் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டாலும் ஆங்கில மாலுமிக்கு அது கேட்டமரான் ஆகிவிட்டது.

அடுத்த திருப்பம் வெடிமருந்து வாசனையோடு வந்தது. 1804இல் நெப்போலியன் பிரான்ஸின் புலோன் துறைமுகத்தில் இங்கிலாந்தின் மீது படையெடுக்கப் படகுகளைக் குவித்து வைத்திருந்தான். பின்னாளில் நீராவிப் படகால் புகழ்பெற்ற அமெரிக்கர் ராபர்ட் ஃபுல்டன் அப்போது பிரிட்டிஷ் அரசுக்காக ஓர் ஆயுதம் செய்து கொடுத்தார். சுமார் 21 அடி நீளப் பெட்டி, உள்ளே ஈயத் தகடு, நிறைய வெடிமருந்து, குறித்த நேரத்தில் வெடிக்க ஒரு கடிகாரப் பொறி. நீர்மட்டத்துக்கு மேல் அதிகம் தெரியாமல் அமிழ்ந்து மிதக்கும். இதற்கும் கேட்டமரான் என்றே பெயர். அக்டோபர் 2ஆம் தேதி இரவில் இவற்றைப் பிரெஞ்சுப் படகுகளை நோக்கி மிதக்கவிட்டார்கள். பிரமாதமான சத்தம், சொற்பமான சேதம். லண்டனில் கேலிதான் மிஞ்சியது. அந்த ஆண்டில் ஆங்கிலேயர் ஒருவரிடம் கேட்டமரான் என்றால், அவர் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது மீனவர் அல்ல, வெடிகுண்டு.

இனி உங்கள் விளம்பரத்துக்கு வருவோம். இரண்டு ஒல்லிப் படகுகளை இணையாக நிறுத்தி, மேலே தளம் போட்டு இணைக்கும் யுக்தி பசிபிக் தீவுக்காரர்களுடையது. பாலினீசியர்கள் அப்படிப்பட்ட இரட்டைப் படகுகளில்தான் பெருங்கடலைக் கடந்து தீவு தீவாகக் குடியேறினார்கள். ஐரோப்பாவிலும் ஒருவர் முயன்றார். 1660களில் வில்லியம் பெட்டி டப்ளினில் இரட்டை அடி வைத்த கப்பல்களைக் கட்டினார். அவற்றில் ஒன்று புயலில் தொலைந்தது. கவனியுங்கள், அவற்றுக்கு அன்று கேட்டமரான் என்ற பெயர் இல்லை. அந்தச் சொல் ஆங்கிலத்தில் இன்னும் பரவவே இல்லை.

சொல்லும் இரட்டைப் படகும் கைகோத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அமெரிக்காவில் ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த நதானியேல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற, இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைக் கட்டி, 1876 ஜூனில் நியூயார்க்கில் நடந்த போட்டியில் இறக்கினார். பெரிய பெரிய படகுகளெல்லாம் பின்தங்கின. தோற்றவர்கள் என்ன செய்வார்கள்? புகார் கொடுத்தார்கள். இந்த வகைப் படகைப் போட்டியிலிருந்தே ஒதுக்கி வைத்தார்கள். ஹெரஷாஃப் மறு ஆண்டே காப்புரிமை வாங்கிக்கொண்டார். கேட்டமரான் என்ற சொல்லும் மெல்ல மெல்ல இந்த இரட்டைப் படகின் சொத்தாகிவிட்டது. ஒதுக்கப்பட்ட அந்த வகைதான் 2013இல் சான் பிரான்சிஸ்கோவில், புகழ்பெற்ற பாய்மரப் படகுப் போட்டியான அமெரிக்கா கோப்பைக்கே ஓடியது: 72 அடி நீளம், விமான இறக்கை போன்ற விறைத்த பாய், நீருக்கு மேல் எழும்பி மணிக்கு 40 கடல் மைலுக்கும் அதிகமான வேகம்.

பாலினீசியரின் கண்டுபிடிப்புக்குத் தமிழ் மீனவரின் பெயர், அமெரிக்கரின் காப்புரிமை. இதில் பெருமைப்படுவதானால் முதலில் பாலினீசியர்கள் படட்டும், அடுத்த வரிசையில் நாம் நிற்கலாம். இதற்கிடையே நம் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் அருகிவிட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. மீனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எந்நேரமும் தண்ணீரில் உட்கார்ந்து பிழைக்கும் தொழிலின் அழகைக் கரையில் நின்று ரசிப்பது சுலபம்.

கேள்வி: பழைய ஆங்கில நாவல் ஒன்றில் ஒரு கிழவியைக் ‘கேட்டமரான்’ என்று திட்டுகிறார்கள். அச்சுப்பிழையா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

பதில்: பிழையில்லை ஐயா. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்குச் சண்டைக்காரி, அடங்காப்பிடாரி என்று பொருள் இருந்தது. பெரும்பாலும் வயதான பெண்களைத்தான் அப்படி ஏசுவார்கள். மரத்துக்கும் வாய்ச்சண்டைக்கும் என்ன உறவு? சொல்லின் தலையில் இருக்கும் ‘கேட்’ செய்த வேலையாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். பூனையும் காட்டுப்பூனையும் ஆங்கிலேயர் காதில் சீறியிருக்க வேண்டும். வாய் நிறைய வரும் அயல்மொழிச் சொல் கையில் கிடைத்தால் மாலுமிகள் அதை வசைச்சொல்லாக்காமல் விடமாட்டார்கள் என்பது என் ஊகம். இன்று இந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. பாட்டிமார்களுக்கு நிம்மதி.

கேள்வி: மூன்று உடல்கள் உள்ள படகை ‘டிரைமரான்’ என்கிறார்களே, அதிலும் தமிழ் இருக்கிறதா? (பொறியியல் மாணவர்)

பதில்: பின்பாதியில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கேட்டமரானைப் பார்த்து, தலையை வெட்டிவிட்டு மூன்றைக் குறிக்கும் ‘டிரை’யை ஒட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், தமிழ் தெரியாமல் வெட்டியும் வெட்டு சரியான கணுவில் விழுந்திருக்கிறது. கட்டு போய்விட்டது, மரம் நின்றுவிட்டது. தமிழில் திருப்பிச் சொன்னால் மும்மரம். வேகமாகச் சொல்லாதீர்கள், மும்முரம் ஆகிவிடும்.

கேள்வி: ‘கேஷ்’ என்பது நம் காசுதான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (ஒரு வங்கி ஊழியர்)

பதில்: ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு, உங்கள் நண்பர் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டார். நீங்கள் கவுன்டரில் எண்ணிக் கொடுக்கும் கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணம்.

இன்னொரு கேஷ் ஆசியச் சில்லறை நாணயம். அது காசேதான். போர்ச்சுகீசியர் நம் ‘காசு’வைத் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘காய்ஷா’வின் உருவத்திலேயே எழுதினார்கள், அதிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் இதே பெயரை வைத்தார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு, ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆங்கிலக் கணக்கேட்டில் அந்தக் காசு, கேஷ் என்றே ஏறியது.

1808ஆம் ஆண்டு பொறித்த பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அவற்றை அள்ளி அள்ளி எடுத்தார்கள். இன்றும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்று மதிப்பு. உங்கள் நண்பர் ஏ.டி.எம்.மில் வரும் கேஷை விட்டுவிட்டு, கெண்ட் கடலடியில் கிடந்த கேஷுக்கு உரிமை கொண்டாடட்டும்.