வாசகர் கேள்வி: ஆட்டுக் குடலில் இத்தனை வகை நரம்பு செல்களா?

கேள்வி: அம்மா, நரம்பு செல் என்றால் மூளையில் இருப்பது என்றுதான் படித்திருக்கிறேன். செம்மறியாட்டுக் குடலில் நரம்பு செல்களை வகை பிரிப்பதுதான் உங்கள் வேலை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். குடலுக்கு எதற்கு நரம்பு செல்? எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

பதில்: மனிதக் குடலில் மட்டும் 20 கோடியிலிருந்து 60 கோடி வரை நரம்பு செல்கள் இருப்பதாகக் கணக்கு. 1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவரும், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்டு அதன் அசைவைக் கவனித்தார்கள். உள்ளே ஒரு பொருள் வந்து நின்றால் அதற்கு மேலே குடல் இறுகியது, கீழே தளர்ந்தது. மூளையின் துணை இல்லாமலே உணவைத் தள்ளும் ஏற்பாடு குடல் சுவருக்குள்ளேயே இருக்கிறது என்று அப்போது தெளிவானது. ஆட்டுக்கும் அப்படித்தான்.

இந்தச் செல்கள் சிறு சிறு முடிச்சுகளாகக் கூடி, வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வலை இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவில், அவுர்பாக் கண்டது. இன்னொன்று உள் சவ்வுக்குக் கீழே. மைஸ்னர் 1857-இல் விவரித்தது. ஆடு, பன்றி போன்ற பெரிய விலங்குகளில் இந்த இரண்டாவது வலையே உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரண்டு தளங்களில் இருக்கும். கினிப்பன்றிக் குடலில் பழகியவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுவார்கள்.

எப்படிப் பார்க்கிறோம் என்றால், குடல் துண்டை நீளவாக்கில் வெட்டித் திறந்து, அடியில் சிலிகான் ஊற்றிய தட்டில் விரித்து, விளிம்பெல்லாம் மெல்லிய ஊசிகளால் குத்தி இழுத்து வைப்பேன். பதப்படுத்திய பிறகு, நுண்ணோக்கியின் கீழே உரிக்கும் வேலை. உள் சவ்வு சுலபமாக வந்துவிடும். வட்டத் தசைதான் சோதிக்கும். இடுக்கியால் ஓர் இழையின் நுனியைப் பிடித்து, இழை போகும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். சற்றே குறுக்கே இழுத்தாலும் வலை கிழிந்து தசையோடு போய்விடும். ஆட்டுத் தசை தடிமன் என்பதால் ஒரு சதுர சென்டிமீட்டரை உரித்து முடிக்க அரை நாள் போன நாட்கள் உண்டு. கடைசி இழை கழன்றதும் கண்ணாடிபோல ஒரு படலம் மிஞ்சும். அதில் சாம்பல் நிறக் கோடுகளாக அந்த வலை தெரியும்போது, இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அப்புறம் வகை பிரிப்பது. முதல் வழி உருவம். 1890-களில் டோகியேல் என்ற ரஷ்யர் மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்துச் சொன்ன பாகுபாடு இன்றும் கையில் இருக்கிறது. முதல் வகைச் செல்லுக்கு உடலைச் சுற்றிக் குட்டையான, தட்டையான கிளைகள் பல. செய்தியை வெளியே கொண்டுபோகும் நீளமான இழை, அதாவது ஆக்சான், ஒன்றே ஒன்று. இரண்டாம் வகையின் உடல் வழவழப்பாக இருக்கும். அதிலிருந்து நீண்ட கிளைகள் பல புறப்படும். தசையை இயக்கும் செல்கள் பெரும்பாலும் முதல் வகை. குடலுக்குள் நடப்பதை உணர்ந்து சொல்பவை இரண்டாம் வகை.

இரண்டாவது வழி, செல்லுக்குள் என்ன ரசாயனம் இருக்கிறது என்று ஆன்டிபாடியைக் கொண்டு தேடுவது. ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளில் மட்டும் ஒட்டும் புரதம்; அது ஒட்டிய இடத்தை ஒளிரும் சாயத்தால் பார்ப்போம். நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி இருந்தால், தசையைத் தளர்த்தும் செல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். அசிட்டைல்கோலினும் சப்ஸ்டன்ஸ் பி-யும் சேர்ந்திருந்தால், இறுக்கும் செல்லா என்று பார்க்கலாம். ‘ஹூ’ என்ற புரதம் எல்லா நரம்பு செல்லிலும் இருப்பதால் மொத்தத்தை எண்ண அது வேண்டும். ஆனால் அது கிளைகளைக் காட்டாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு விலங்கில் பொருந்திய ரசாயன அடையாளம் இன்னொன்றில் பொருந்தும் என்று நம்பவே கூடாது. கினிப்பன்றியில் இரண்டாம் வகைச் செல்லைக் கண்டுபிடிக்கக் கால்பின்டின் என்ற புரதம் அருமையான அடையாளம். பன்றியில் அந்த வேலைக்கு சி.ஜி.ஆர்.பி. என்ற ஒரு பெப்டைடை, அதாவது சிறு புரதத் துண்டை, தேடுகிறோம். மனிதக் குடலில் கால்பின்டினை நம்ப முடிவதில்லை. ஆகவே ஆட்டில் கால்பின்டின் ஒளிர்ந்ததை மட்டும் வைத்து ‘இது உணர்வு செல்’ என்று எழுதாதீர்கள். முதலில் உருவத்தைப் பாருங்கள், அதே செல்லில் ரசாயனத்தையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பெயர் வையுங்கள்.

கேள்வி: நான் முதுகலை மாணவி. செம்மறியாட்டுக் குடலில் அசிட்டைல்கோலின் செல்களைத் தேட, வெள்ளாட்டில் தயாரித்த ஆன்டிபாடியைப் போட்டேன். எங்கு பார்த்தாலும் ஒளிர்கிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் கை சுத்தமாகத்தான் இருக்கிறது. தவறு ஆன்டிபாடித் தேர்வில். முதல் ஆன்டிபாடி வெள்ளாட்டினுடையது. அதைப் பிடிக்க நீங்கள் போட்ட, ஒளிரும் சாயம் ஏந்திய இரண்டாவது ஆன்டிபாடி, வெள்ளாட்டு ஆன்டிபாடி எங்கிருந்தாலும் ஒட்டும். வெள்ளாடும் செம்மறியும் நெருங்கிய உறவு என்பதால், திசுவில் ஏற்கெனவே இருக்கும் செம்மறியின் சொந்த ஆன்டிபாடிகளிலும் அது ஒட்டிக்கொள்கிறது.

எனக்கும் இதுதான் நடந்தது. உள் சவ்வுக்கு அருகே பளிச்சென்று உருண்டைச் செல்கள் தெரிந்தன. புது வகை என்று நினைத்துப் பல வாரம் படம் எடுத்தேன். முதல் ஆன்டிபாடியே போடாத ஒரு துண்டை ஒருநாள் பார்த்தேன். அதே செல்கள், அதே பளிச்! அவை பிளாஸ்மா செல்கள். ஆன்டிபாடி தயாரிப்பதே அவற்றின் வேலை. உட்கரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், கிளை ஒன்றுகூட இருக்காது. எடுத்த படங்கள் அத்தனையையும் ஒதுக்கினேன்.

முயலிலோ சுண்டெலியிலோ தயாரித்ததை வாங்குங்கள். வேறு வழியில்லை என்றால், ஒளிரும் சாயம் நேரடியாகப் பிணைத்த முதல் ஆன்டிபாடியைப் பாருங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாத துண்டு ஒவ்வொரு முறையும் கட்டாயம்.

கேள்வி: இதைத் தெரிந்து என்ன பயன்?

பதில்: ஒரு காரணம் சொல்கிறேன், ஸ்கிரேப்பி. செம்மறியின் மூளையை அழிக்கும் ப்ரியான் நோய், அதாவது உருக்குலைந்த ஒரு புரதத்தால் வருவது. எளிதில் தொற்றும் ஆடுகளில், நோய்ப் புரதம் முதலில் குடல் சுவரில் நோயெதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் பேயர் திட்டுகளில் சேர்கிறது, பிறகு குடல் நரம்பு முடிச்சுகளில் தெரிகிறது, அங்கிருந்து நரம்புகள் வழியாக மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் ஏறுகிறது. இந்த வழியில் முதலில் சிக்குவது எந்த வகைச் செல் என்று கேட்பதற்கே, வகைகள் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இதில் இன்னொன்றும் உண்டு: குட்டியின் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நீண்டு கிடக்கும் பேயர் திட்டு, ஆடு வளர வளரச் சுருங்கி மறைந்துவிடும். குட்டியின் குடலும் வளர்ந்த ஆட்டின் குடலும் ஒன்றில்லை. அதனால் என் பதிவேட்டில் முதல் கட்டத்தில் வயதைத்தான் எழுதுவேன். வயது தெரியாத ஆட்டின் குடலை நான் எடுப்பதில்லை.