கூட ஒருத்தன் இருந்தால் போதும்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. 'படிப்ஸ்' என்று கிண்டல் செய்கிறார்களாம். பதில் தெரிந்தும் வகுப்பில் கை தூக்குவதில்லை. போன வாரம் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பையனின் பையை ஒளித்து வைத்திருக்கிறான். கேட்டால், 'எல்லாரும் செஞ்சாங்க, நானும் செஞ்சேன்' என்கிறான். எவ்வளவு சொல்லியும் பலனில்லை.

பதில்: அவன் சொன்னதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது அதிக ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. வீட்டில் நீங்கள் சொல்வது அவனுக்குப் புரியத்தான் செய்கிறது. நாலு பேர் பார்க்கும்போதுதான் அது கைகொடுப்பதில்லை.

ஆகவே அறிவுரையைக் குறைத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு துணையைத் தேடுங்கள். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளம் பற்றிக் கூடியிருந்தவர்கள் முன்பே பேசி வைத்தபடி வேண்டுமென்றே தப்பான விடை சொன்னார்கள். அது தெரியாமல் சோதனைக்கு வந்தவர்களில் பலர், கண்ணெதிரே சரியான விடை இருந்தும் அவர்களோடு ஒத்துப்போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

'பையை ஒளிச்சப்போ சிரிக்காம இருந்தது யாரு?' என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு பெயர் வரும். அந்தப் பையனை மட்டும் விடுமுறை நாளில் வீட்டுக்கு அழையுங்கள். மொத்தக் கூட்டத்தையும் அழைத்தால் பள்ளியில் நடப்பதுதான் வீட்டிலும் நடக்கும்.

மறுத்துப் பேசவும் பழக்க வேண்டும். 'நான் வரலடா, நீங்க போங்க' என்ற அளவு போதும். சொன்ன கையோடு இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். பிள்ளைகள் சறுக்குவது காரணம் சொல்லத் தொடங்கும்போதுதான். ஒவ்வொரு காரணத்துக்கும் மற்றவர்களிடம் ஒரு பதில் இருக்கும். நின்று வாதாடினால் ஐந்து நிமிடத்தில் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் நண்பனாக நடித்து, கிண்டலைக் கூட்டிக்கொண்டே போய், மூன்று நான்கு முறை அவனை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தது அவசரத்தில் வாயில் வராது. 'எங்க வீட்ல திட்டுவாங்க' என்று பழியை உங்கள் மேல் போடவும் அனுமதி கொடுங்கள். அப்படித் தப்பித்து வந்த நாளில் குறுக்குக் கேள்வி வேண்டாம். ஒருமுறை திட்டு வாங்கினால் மறுபடி உங்களிடம் வரமாட்டான்.

கை தூக்குவதற்கு ஓர் எளிய வழி உண்டு. அவன் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்கும்படி ஆசிரியரிடம் தனியே பேசுங்கள். தானாக முன்வந்தான் என்ற பேச்சு வராது. பையைப் பறிகொடுத்த பையனிடம் இவன் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அதுவும் கூட்டம் இல்லாத நேரத்தில், தனியாக. அடி, மிரட்டல், பணம் பறிப்பு என்று போனால் உடனே பள்ளி நிர்வாகத்திடம் போங்கள். பிள்ளை தானே சமாளிக்கட்டும் என்று விடக்கூடாது.

கேள்வி: தோழிகள் வைத்திருக்கும் அதே மாதிரிப் பைதான் வேண்டும் என்று என் மகள் அடம்பிடிக்கிறாள். கண்டிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பை, தலைமுடி, பேச்சு வழக்கு இவற்றில் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வது அந்த வயதில் இயல்பு. யாருக்கும் கெடுதல் இல்லை. வசதி இருந்தால் வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் காசு இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். யாரையாவது ஒதுக்கச் சொல்கிறார்களா, வீட்டுக்குத் தெரியாமல் எதையாவது செய்யச் சொல்கிறார்களா என்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.