முதியோர் வரலாம், பிள்ளைகுட்டிக்காரர்கள் வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

சொத்துவரி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதை ஒட்டி ஒரு கேள்வி. நாங்கள் அமெரிக்காவில் சென்ட்ரல் நியூஜெர்சியில் ஒரு சின்ன டவுன்ஷிப்பில் (தனி நகராட்சி உள்ள ஊர்) இருக்கிறோம், பெயர் வேண்டாம். அஃபோர்டபிள் ஹவுசிங்குக்காக, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளுக்காக, எங்கள் கவுன்சில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒன்றில் முதியோருக்கான அபார்ட்மென்ட். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இன்னொன்று எங்கள் வீடுகளுக்குப் பின்பக்கம், குடும்பங்களுக்கான வாடகை வீடுகள். கூட்டத்தில் ஒரே கூச்சல். பள்ளி தாங்காது, டிராஃபிக் தாங்காது, வீட்டு விலை விழுந்துவிடும் என்றார்கள். நம் ஆட்கள்தான் அதிகம் பேசினார்கள். இப்போது அந்த இரண்டாவது இடத்தையும் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு மாற்றச் சொல்லி ஒரு மனு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் 30 வருட மார்ட்கேஜ் போட்டு இந்தப் பள்ளிக்காகத்தானே வந்தோம்? யார் மீதும் எங்களுக்கு வெறுப்பு இல்லை. முதியோருக்குக் கொடுப்பதும் நல்ல காரியம்தானே, நாளைக்கு நம் அப்பா அம்மாவுக்கே உதவலாம். கையெழுத்துப் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த மனு எனக்கும் வந்தது, வேறோர் ஊரின் பெயரில். வாசகங்கள் ஏறக்குறைய அதேதான். மூத்த குடிமக்களை மனமார வரவேற்கிறோம் என்று ஆரம்பித்து, நான்காவது வரியில் பள்ளிக்கு வந்துவிடும்.

முதியோருக்கு வீடு கட்டுவது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மனுவை எழுதியவர்கள் எழுதும்போது முதியோரை நினைத்திருக்க மாட்டார்கள். பள்ளிப் பேருந்துதான் அவர்கள் கண்ணில் நின்றிருக்கும். இதற்கு இந்த மாநிலத்தில் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நாம் எல்லோரும் அதற்குப் பிறகு வந்து இறங்கியவர்கள் என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

தெற்கு ஜெர்சியில், ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே மவுன்ட் லாரல் என்று ஒரு டவுன்ஷிப். நிறைய காலம் பண்ணை நிலம். அங்கே பல தலைமுறைகளாகக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்தன. அறுபதுகளில் நெடுஞ்சாலைகளும் புறநகர் வீடுகளும் வந்தன, நிலத்தின் விலை ஏறியது. ஸ்பிரிங்வில் என்ற பகுதியில் இருந்த ஏழைகளில் சிலர், ஒரு காலத்தில் கோழி வளர்த்த கொட்டகைகளையே வீடாக்கி இருந்தார்கள். இடிந்துவிழும் வீடுகளை டவுன்ஷிப் வசிக்கத் தகுதியற்றவை என்று அறிவித்தது. சரி, வேறு எங்கே போவது? ஈத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணி, ஆறு தலைமுறையாக அந்த ஊர்க்காரர், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து 36 அபார்ட்மென்ட் கட்ட அனுமதி கேட்டார். வெறும் 36. ஊர் விதிப்படி அபார்ட்மென்ட்டுக்கு இடமே இல்லை என்று பதில் வந்தது. 1970இல் மேயர் பில் ஹெய்ன்ஸ் அவர்களுடைய சர்ச்சுக்கே வந்து, இந்த ஊரில் வாழ வசதி இல்லையென்றால் நீங்கள் கிளம்பத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறு வருடம் வழக்கு.

1975இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ஃபிரடெரிக் ஹால் எழுதியது. வளரும் ஒவ்வொரு ஊரும் தன் வட்டாரத்தின் ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கான வீட்டுத் தேவையில் தன் பங்கைச் சுமக்க வேண்டும், நில விதிகளைக் காட்டி அவர்களை வெளியே நிறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். உங்கள் ஊர் தன் பங்காக இத்தனை கட்டுப்படியாகும் வீடுகளுக்கு இடம் தர வேண்டும் என்று இன்றைக்கு உங்கள் கவுன்சில் கையில் இருக்கும் எண்ணிக்கை அந்தத் தீர்ப்பின் வழியில் வந்ததுதான்.

அந்தத் தீர்ப்பைப் படித்தால், ஊர் எதற்குப் பயந்தது என்பது அதன் விதிகளிலேயே தெரியும். பெரிய குடியிருப்புத் திட்டங்களில் ஒரு வீட்டுக்குச் சராசரி 0.3 பள்ளிப் பிள்ளைக்கு மேல் போனால், கூடுதல் பிள்ளைகளின் படிப்புச் செலவை வீடு கட்டியவரே தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. படுக்கையறைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு. அதே ஊர் 52 வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு மண்டலத்தையும் மனமுவந்து ஒதுக்கி வைத்திருந்தது, 18 வயதுக்குட்பட்டவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற விதியோடு. உங்கள் வாட்ஸ்அப் மனு 1972இலேயே எழுதப்பட்டுவிட்டது, எஸ்.

காரணம் பெரிய ரகசியமில்லை. இந்த மாநிலத்தில் சொத்துவரியில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. 2024இல் சராசரி வீட்டுச் சொத்துவரி முதல் முறையாக 10,000 டாலரைத் தாண்டியது. ஒரு முதிய தம்பதி அதைக் கட்டுவார்கள், அவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு யாரும் போக மாட்டார்கள். மூன்று படுக்கையறை வாடகை வீட்டிலிருந்து ஒருவரோ இருவரோ போகலாம். கவுன்சிலில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைவிடச் சுவாரஸ்யமான விஷயம் கூட்டாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒருவருக்கு வீடு மறுப்பது 1988 முதல் அமெரிக்கா முழுக்கச் சட்டவிரோதம். அதற்கு முக்கியமான ஒரு விலக்கு உண்டு: முதியோர் குடியிருப்பு. ஆகவே குழந்தைகள் வராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஊருக்குக் கிடைக்கும் நேர்மையான, சட்டப்படியான வாசல் 55 பிளஸ்தான். (சென்னையில் வீடு தேடியபோது ஃபேமிலிக்குத்தான் தருவோம், பேச்சுலருக்கு இல்லை என்று துரத்தினார்கள். இங்கே ஃபேமிலியைத் துரத்த மனு எழுதுகிறார்கள்.)

மாநிலத்துக்கும் இந்தத் தந்திரம் தெரியும். அதனால்தான் 2024 மார்ச்சில் அன்றைய ஆளுநர் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டத்தில், ஓர் ஊர் தன் புதிய பங்கில் 30 சதவீதத்துக்கு மேல் முதியோர் வீடுகளால் நிரப்ப முடியாது, குறைந்தது பாதி வீடுகள் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒற்றைப் படுக்கையறையாகக் கட்டித் தப்பிக்கவும் முடியாது. குடும்ப வீடுகளில் குறைந்தது ஐந்தில் ஒன்று மூன்று படுக்கையறை கொண்டதாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் முதியோருக்கென்று ஏற்கனவே ஒரு கட்டடம் திட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதையும் மாற்றினால் இந்த வரம்பு அநேகமாக உடையும், திட்டம் ஒப்புதல் பெறாது. அப்படி ஆனால் பில்டர் நேரே நீதிமன்றம் போய், தான் விரும்பும் இடத்தில், தான் விரும்பும் அளவில் கட்ட அனுமதி கேட்கலாம். 1983இல் வந்த இரண்டாவது மவுன்ட் லாரல் தீர்ப்பு பலமாக்கிக் கொடுத்த ஆயுதம் அது. மனுக்காரர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊர்கள் வேறு வழிகளும் பார்த்தன. 1985 சட்டம், ஓர் ஊர் தன் பங்கில் பாதி வரை பணம் கொடுத்து வேறோர் ஊருக்குத் தள்ளிவிட அனுமதித்தது. வசதியான புறநகர்கள் வசதியில்லாத நகரங்களுக்குப் பணம் கொடுத்துக் கைகழுவின. 2008இல்தான் அதை ஒழித்தார்கள். இப்போதைய சட்டத்தை எதிர்த்து மான்ட்வேல் என்ற ஊரின் தலைமையில் இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள் வழக்குப் போட்டன. 2025 ஜனவரியில் அவர்கள் கேட்ட தடை கிடைக்கவில்லை.

உங்கள் கூட்டத்தில் எழுந்த பயங்களுக்கு வருகிறேன். வீட்டு விலை முதலில். ஈத்தல் லாரன்ஸ் 1994இல் இறந்துவிட்டார். அவர் பெயரிலான குடியிருப்பு அதே மவுன்ட் லாரலில் 2000ஆம் ஆண்டின் கடைசியில்தான் திறந்தது. தொண்ணூறுகளில் அனுமதிக்காக நடந்த கூட்டங்களில் நீங்கள் கேட்ட கூச்சல் எல்லாம் அங்கேயும் எழுந்தது. இன்று அங்கே 140 வீடுகள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவர் குழுவும் பத்து வருடத் தரவை வைத்து, அதைப் போன்ற பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டு விலை, குற்றம், வரி எதிலும் அந்தக் குடியிருப்பால் வந்த பாதிப்பு என்று ஒன்றையும் காண முடியவில்லை. சுற்றியிருந்தவர்களில் கணிசமானோருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அங்கே குடிவந்தவர்களின் பிள்ளைகள் முன்பைவிட நல்ல பள்ளிகளில், அமைதியாக உட்கார்ந்து படிக்க இடம் உள்ள வீட்டில் வளர்ந்தார்கள். நீங்கள் மார்ட்கேஜ் போட்டதும் அதற்குத்தானே?

டிராஃபிக் விஷயத்தில் உங்கள் ஊர்க்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இதை மறைக்க விரும்பவில்லை. அரசு பணம் போட்டு நேரடியாகக் கட்டுவது குறைவு. தனியார் பில்டர் கட்டும் வளாகத்தில் 15 அல்லது 20 சதவீத வீடுகளை ஒதுக்கச் சொல்வதுதான் வழக்கம். ஆகவே 60 கட்டுப்படியாகும் வாடகை வீடுகள் வேண்டுமென்றால் 400 வீடு கொண்ட வளாகம் எழும். கார்களில் பெரும்பகுதி சந்தை விலை வாடகை கொடுக்கிறவர்களுடையது, ஆனால் பழி அந்த 60 பேர் தலையில். மவுன்ட் லாரலில் நடந்ததுபோல லாப நோக்கமில்லாத அமைப்பு வரிச்சலுகை நிதியோடு முழுக்க முழுக்கக் கட்டுப்படியாகும் வீடுகளாகக் கட்டினால் சிறியதாக முடியும். இதைக் கேட்டு ஒரு மனு வந்தால் நான் முதல் கையெழுத்துப் போடுவேன். இடத் தேர்விலும் ஊர்கள் சொதப்புவதுண்டு. கிரான்பரி என்ற ஊரில் 1850 முதல் ஒரே குடும்பத்திடம் இருக்கும் பண்ணையைக் கையகப்படுத்தக் கிளம்பி 2025இல் நாடெங்கும் செய்தியானார்கள். கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கு வருவோம். பில்டரோடு டவுன்ஷிப் பைலட் என்ற ஒப்பந்தம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான சொத்துவரிக்குப் பதிலாக ஒரு தொகை கட்டுவது அது. நீண்ட கால ஒப்பந்தங்களில் அந்தத் தொகையில் 95 சதவீதம் நகராட்சிக்கு, 5 சதவீதம் கவுன்ட்டிக்கு. பள்ளிக்குத் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள், அவர்கள் வீட்டின் பணம் நகராட்சியோடு நின்றுவிடும். இது மாநிலம் திணித்தது இல்லை, உங்கள் கவுன்சிலே எடுக்கும் முடிவு. நகராட்சி விரும்பினால் பள்ளியோடு பங்கு போடலாம், சில இடங்களில் போடுகிறார்கள். பள்ளி தாங்காது என்று மைக்கில் கத்துகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

யார் வருவார்கள் என்பதிலும் நம் ஆட்களுக்கு ஒரு கற்பனை இருக்கிறது. நடுத்தர வருமானப் பிரிவு வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதம் வரை போகும். உங்கள் பக்கத்தில் நான்கு பேர் குடும்பம் வருடம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தாலும் தகுதி உண்டு. டே கேரில் உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், பள்ளி உதவி ஆசிரியர், பட்டேல் பிரதர்ஸ் மளிகைக்கடையில் பில் போடுகிறவர் இவர்கள்தான். இலவசமும் இல்லை, மாதாமாதம் வாடகை கட்டுகிறார்கள்.

அப்பா அம்மாவுக்கு உதவும் என்று எழுதியிருந்தீர்கள். மன்றோ டவுன்ஷிப்பின் 55 பிளஸ் வளாகங்களில் நம் ஊர்ப் பெரியவர்கள் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வசதியில்லாத முதியவர்களுக்கு இன்னும் நிறைய வீடு தேவை என்பதும் உண்மை. ஆனால் நம் பெரியவர்களில் பலர் கடல் கடந்து வருவதே பேரப்பிள்ளைகளோடு இருக்க. இந்த வளாகங்கள் பெரும்பாலானவற்றில் பேரன் விருந்தாளியாகச் சில வாரம் தங்கலாம், குடியிருக்க முடியாது. பெற்றோர் இல்லாத பேரப்பிள்ளையைத் தனியாக வளர்க்கும் பாட்டிக்கும் அங்கே இடமில்லை. அவர் போகக்கூடிய வீடு உங்கள் பின்பக்கம் வரப்போகும் அந்தக் குடும்ப வாடகை வீடுதான்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்பது என் கருத்து. அடுத்த கவுன்சில் கூட்டத்துக்குப் போங்கள். மொத்தம் எத்தனை வீடு, அதில் கட்டுப்படியாகும் வீடு எத்தனை, பைலட் உண்டா, உண்டென்றால் பள்ளிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பொதுமக்களுக்கு மைக்கில் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான், எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதினால் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா